பிள்ளைகளுடன் ஜியோகேஷிங் தொடங்குவது எப்படி? ஸ்காபரோவிலிருந்து ஒரு கேள்வி

நொச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில், ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மிக அருகில் நாங்கள் குடியிருக்கிறோம். வாசலிலேயே ஒரு தேசிய நகரப் பூங்கா இருந்தும், எங்கள் வார இறுதிகள் கடைகளுக்கும் பிள்ளைகளின் வகுப்புகளுக்கும் இடையிலேயே கழிந்துவிடுகின்றன. அண்மையில் என் ஒன்பது வயது மகள் பள்ளித் தோழி ஒருத்தியிடமிருந்து ஜியோகேஷிங் பற்றிக் கேட்டு வந்து, நாங்களும் போக வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருவர் ஒரு சிறிய பெட்டியைக் காட்டுப் பாதையோரம் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் இடுகிறார் என்றும், மற்றவர்கள் அதைத் தேடிப் பிடித்து உள்ளேயுள்ள பதிவேட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள் என்றும் விளங்கிக்கொண்டேன்.

இதற்குத் தனியான ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா, கட்டணம் கட்ட வேண்டுமா என்பதை அறிய விரும்புகிறேன். பதின்மூன்று வயது மகனுக்கு நடப்பதில் நாட்டமில்லை. ஆனால் புதிர் என்றால் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருப்பான். மாமியும் எங்களோடு வர ஆசைப்படுகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, ஏற்ற இறக்கம் ஒத்துவராது. இந்த மூவரையும் ஒரே பாதையில் கூட்டிப்போக முடியுமா? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. நாங்கள் குடும்பமாகப் புதரோரம் குனிந்து எதையோ தேடுவதைக் கண்டு யாராவது பொலிசுக்கு அறிவித்துவிட்டால் என்ன சொல்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வடலி எழுதியது:

நொச்சி அவர்களுக்கு வணக்கம். நான் மார்க்கம் பகுதியில் இருக்கிறேன். பல ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கிறேன். முதலில் செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பேசியே போதும். Geocaching.com இணையத்தளத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணமில்லை. கட்டணமில்லாத கணக்குக்கு அதிகாரபூர்வச் செயலி எல்லாப் பெட்டிகளையும் காட்டாது. ஆனால் அதே தளத்தைக் கணினியில் திறந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும். அன்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால் ‘சி:ஜியோ’ என்ற இலவசச் செயலியும் உண்டு. ஒரு கோடைகாலம் முழுவதும் இப்படியே நடந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளின் ஆர்வம் நிலைத்தால் மட்டும் கட்டணக் கணக்கைப் பற்றி யோசியுங்கள்.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். ஜி.பி.எஸ். செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பிய சைகைகளை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வந்தது; அதனால் ஒருவர் நிற்கும் இடம் ஏறத்தாழ நூறு மீற்றர் வரை தவறாகக் காட்டக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அந்தப் பிழைபடுத்தலை நிறுத்தியபோது, ஓரிரவில் துல்லியம் பத்து மடங்கு வரை உயர்ந்தது. மே 3-ஆம் திகதி டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளிக்குள் சில பொருள்களை இட்டு வைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது அகலாங்கு நெட்டாங்கு எண்களை, இணையக் குழுவொன்றில் வெளியிட்டார். மைக் டீக் என்பவர் சில நாள்களிலேயே அதை முதலில் கண்டுபிடித்தார். கனடாவின் முதற் பெட்டி அதே ஆண்டுக் கோடையில் நோவா ஸ்கோஷியாவில் வைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. மறைத்து வைத்துத் தேடும் ஆசை இதைவிடப் பழையது என்பதையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு போத்தலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருபவர்கள் தம் பெயரட்டைகளை அதற்குள் விட்டுச்செல்ல வழிசெய்தார்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதையும், மற்றது அந்த நிலத்தில் நடப்பது எவ்வளவு கடினம் என்பதையும் 1 முதல் 5 வரை அரை அரையாகக் காட்டும். நிலத்துக்கு 1 என்று இருந்தால் சக்கர நாற்காலியிலும் போகலாம் என்பது பொருள். மாமிக்காக நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான், 1.5 வரை போனாலும் பொதுவாகச் சமதரையாகவே இருக்கும். போர்ட் யூனியன் ஏரிக்கரையில் தளமிட்ட நடைபாதை இருக்கிறது. அது போன்ற இடங்களை வரைபடத்தில் முதலில் திறந்து பாருங்கள். பெட்டியின் அளவையும் கவனியுங்கள். விரல் நுனியளவு காந்தக் குப்பிகளும் உண்டு. அனுபவமுள்ளவர்களே அவற்றைத் தேடிக் களைத்துப்போவார்கள். சிறுமி ஒருத்தி முதன்முதலில் திறப்பது உணவுப் பெட்டியளவாவது இருக்க வேண்டும். கடைசியாக, அண்மையில் யாராவது கண்டெடுத்திருக்கிறார்களா என்று பதிவுகளைப் பாருங்கள். தொடர்ந்து பலர் ‘காணவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி தொலைந்திருக்கக்கூடும்; முதல் நாளில் அதற்குப் போக வேண்டாம்.

புதியவர்கள் பலரும் மனம் சோர்வது கடைசிப் பத்து மீற்றரில்தான். ஆள்கூறுகள் பாகையும் கலையுமாக (ஒரு பாகைக்கு 60 கலை), கலையின் ஆயிரத்திலொரு பங்கு வரை தரப்பட்டிருக்கும். ரொறன்ரோ இருக்கும் அகலாங்கில் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் அது வடக்குத் தெற்காக 1.85 மீற்றரும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1.3 மீற்றரும் ஆகும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் பிழை ஏறத்தாழ ஐந்து மீற்றர்; மரச்செறிவிலும் உயரமான கட்டடங்களுக்கு இடையிலும் சைகை தெறித்து வருவதால் அது இன்னும் கூடும். பெட்டியை வைத்தவரின் கருவிக்கும் அதே பிழை இருந்திருக்கும். ஆகவே அம்புக்குறி ‘0 மீற்றர்’ என்று காட்டும் புள்ளியில் நின்று மண்ணைக் கிளறுவதில் பயனில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு பெட்டியை மறைக்க வேண்டுமென்றால் நான் எங்கே மறைத்திருப்பேன் என்று சுற்றிலும் பாருங்கள். இயற்கையாக விழுந்த குச்சிகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்க மாட்டா. மரத்தின் அடியிலுள்ள பொந்து மட்டும் பட்டைத் துண்டால் மூடப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். இந்தக் கட்டத்தில் பெரியவர்களைப் பிள்ளைகள் எளிதாக முந்திவிடுகிறார்கள். உங்கள் மகள் முந்தும்போது நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் சிறு விளையாட்டுப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுக்கலாம். எடுத்தால் அதே மதிப்போ கூடிய மதிப்போ உள்ள ஒன்றை வைக்க வேண்டும். உணவு வைக்கக் கூடாது, வாசனைக்கு விலங்குகள் பெட்டியை உடைத்துவிடும். (அல்மரின் முதல் வாளியில் ஒரு தகரப்பேணி உணவும் இருந்தது என்பது வேறு கதை.) எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று கிடைத்தால், அது பெட்டியிலிருந்து பெட்டிக்குப் பயணம் செய்யும் ஒருவரின் உடைமை. அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த பெட்டிக்கு நகர்த்தி, அந்த எண்ணை இணையத்தில் பதிய வேண்டும். தான் நகர்த்திய தகடு சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு நாட்டில் பதிவாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வரைபடம் உயிருள்ள ஒன்றாகிவிடுகிறது.

மகனைப் பொறுத்தவரை, ‘மர்மப் பெட்டி’ என்ற வகை அவனுக்காகவே ஏற்பட்டது. அதில் தரப்படும் ஆள்கூறு உண்மையான இடமல்ல. ஒரு புதிரை வீட்டிலிருந்து விடுவித்த பின்னரே சரியான இடம் கிடைக்கும். மறைகுறியீடு, எண்முறை, இசைக் குறிப்பு, படத்துக்குள் ஒளித்த எழுத்து என்று பலவிதமாக வரும். வாரநாள் இரவுகளில் அவன் விடுவிக்கட்டும். சனிக்கிழமை அவனே வழிகாட்டட்டும். தான் கணக்கிட்ட இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவனை நடக்க வைக்கும்.

பனிமுகில் எழுதியது:

வடலி அண்ணா தேடும் முறையை நன்றாக விளக்கியிருக்கிறார். நான் தாதியாகப் பணியாற்றுபவள். ஆகவே உடல்நலம் பற்றிய சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ரூஜ் பள்ளத்தாக்கில் கருங்கால் உண்ணிகள் நிலைபெற்றிருக்கின்றன; லைம் நோயைப் பரப்புபவை அவைதான். கோடையில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. வெப்பநிலை 4 பாகைக்கு மேலே போனாலே அவை நடமாடத் தொடங்கும். எனவே இலையுதிர்காலத்திலும் இளவேனிலின் தொடக்கத்திலும் கடி நேரும். வெளிர்நிற நீளக்காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பார்த்துவிடுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் பூசுவதோ நெருப்பு வைப்பதோ கூடாது. பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் செல்லும் வாய்ப்பு உயர்கிறது. அன்றன்றே உடலைப் பார்ப்பதன் பயன் அதுதான். எடுத்த உண்ணியை எறிந்துவிடாமல் சிறு போத்தலில் இட்டு, மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ உடனே பேசுங்கள்.

பொய்சன் ஐவி என்ற நச்சுக்கொடியும் அந்தப் பாதையோரங்களில் வளர்கிறது. மூன்று மூன்று இலைகளாக, நடு இலை மட்டும் சற்று நீண்ட காம்போடு நிற்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் வரும். உடுப்பிலும் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு வந்து வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் படும். பட்டதென்று சந்தேகம் வந்தாலே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். தேடப் போகுமுன் பிள்ளைகளுக்கு இந்தச் செடியைப் படத்தில் காட்டிவிடுங்கள். பொந்துக்குள் கையை விடுமுன் குச்சியால் தொட்டுப் பார்க்கவும் பழக்கிவிடுங்கள்.

பொலிஸ் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நம் நிறத்தவர் ஒருவர் விளக்குக் கம்பத்தின் அடியைத் தடவிக்கொண்டு நிற்பதும் வேறொருவர் நிற்பதும் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிவதில்லை. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் வெளியே வைக்கப்பட்ட ஒரு பெட்டியைக் கண்டு மக்கள் அஞ்சி, வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் படையினர் வந்து அதை வெடிக்கவைத்தார்கள். ஆகவே நகரின் கடைத்தெருக்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் உள்ள பெட்டிகளை விட்டுவிட்டு, பூங்காப் பாதைகளில் பகல் வெளிச்சத்தில் தொடங்குங்கள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூட வளவுகளின் அருகிலோ விளையாட்டுத் திடல்களிலோ தேடவே வேண்டாம். யாராவது கேட்டால் எதையும் மறைக்காமல் செயலியைத் திறந்து காட்டி விளக்குங்கள். விளையாட்டின் வழக்கப்படி மற்றவர் காணாமல் பெட்டியை எடுக்க வேண்டும் என்றாலும், ஒருவர் நேரே கேட்கும்போது அந்த இரகசியத்தைக் காப்பதைவிட அவரை அமைதிப்படுத்துவதே முக்கியம். ஓரிடத்தில் மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். பெட்டி அங்கேயே இருக்கும்.

குளிர்காலத்தில் போவதென்றால் பேனாவுக்குப் பதிலாகப் பென்சில் கொண்டுபோங்கள், மை உறைந்துவிடும். பெட்டியின் பக்கத்தில் பனித்துகள் அடையாளம் இருந்தால் குளிர்காலத்திலும் எடுக்கலாம் என்று பொருள்.

நொச்சி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமிக்கு நிலத்தின் எண்ணைப் பற்றிச் சொன்னேன். ஏரிக்கரைப் பாதையென்றால் இப்போதே புறப்படத் தயார் என்கிறார். மகன் ஏற்கெனவே ஒரு புதிரைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறான். மகளோ தேடுவதற்கு முன்பே தானும் ஒரு பெட்டியை மறைத்துவைக்க வேண்டும் என்கிறாள். ரூஜ் பூங்காவில் ஒரு மரத்தடியில் சிறு குழி தோண்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தோம். அதற்கு என்ன நடைமுறை?

கருங்காடு எழுதியது:

வணக்கம். நான் ஜேர்மனியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில்தான் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன. ஆகவே மறைத்துவைப்பதில் நேரும் சிக்கல்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம்.

குழி தோண்டவே கூடாது. புதைப்பதை இந்த விளையாட்டின் விதிகள் தடைசெய்கின்றன. மண்ணைக் கிளறாமல் மறைப்பதே வழி. அடுத்தது அனுமதி. நிலத்துக்கு உரியவர் எவரோ அவரிடம் கேட்க வேண்டும். ரூஜ் தேசிய நகரப் பூங்காவை நிர்வகிப்பது கனடியப் பூங்காக்கள் துறை என்பதால் அங்கே பூங்கா அலுவலகத்தில் விசாரித்த பின்னரே எதையும் வைக்கலாம். இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. மர்மப் பெட்டிகளின் உண்மையான இடம் வரைபடத்தில் தெரியாது என்பதால், வெறுமையாகத் தோன்றும் இடமும் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் அனுப்பும் விவரங்களைத் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பின்னரே பெட்டி வெளியாகும்.

ஆனால் விதிகளுக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஓரிடத்தின் ஆள்கூறுகளை வெளியிட்டதும் அந்த இடத்துக்குக் கால்கள் வரத் தொடங்கும். முதற் கோடையிலேயே பாதையிலிருந்து பெட்டிவரை புல் படிந்து ஒரு தடம் தெரியும். அடுத்த ஆண்டு அங்கே புல்லே இராது. வைப்பவர் மரத்தடியைத்தான் யோசித்திருப்பார். தேடுபவர்களோ ஆள்கூற்றின் பிழை காரணமாகச் சுற்றியுள்ள பத்து மீற்றர் வட்டம் முழுவதையும் மிதிக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் தரையில் கூடுகட்டும் பறவை இருந்தால், இளவேனிலில் பூக்கும் காட்டுச்செடி இருந்தால், அவை உங்கள் பெட்டியின் விலையாகப் போய்விடும். இங்கே வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் குகைகளுக்குள் ஒக்டோபர் தொடக்கம் முதல் மார்ச் முடிவு வரை நுழைவதைச் சட்டமே தடுத்திருக்கிறது. அங்குள்ள பெட்டிகளும் அந்த மாதங்களில் மூடப்படுகின்றன. உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் வௌவால் தன் கொழுப்பைச் செலவழிக்கிறது; பலமுறை எழுப்பினால் இளவேனில்வரை தாங்காமல் இறந்துவிடக்கூடும். எனவே பெட்டி வைப்பதென்றால் பாதையின் ஓரத்தில், கையெட்டும் தொலைவில், நடப்பவர் பாதையைவிட்டு இறங்கத் தேவையில்லாத இடத்தில் வையுங்கள். இடம் எதுவென்று பக்கத்தில் தெளிவான குறிப்பும் கொடுங்கள். கண்டுபிடிப்பதைக் கடினமாக்குவது உங்கள் திறமையைக் காட்டலாம். அதற்கான விலையைக் காடு கொடுக்கும்.

இன்னுமொன்று. வைத்தவருக்கே அதைப் பராமரிக்கும் பொறுப்பு. நீர் புகுந்தால் பதிவேட்டை மாற்ற வேண்டும், மூடி உடைந்தால் புதிதாக வைக்க வேண்டும். வீட்டிலிருந்து அடிக்கடி போகக்கூடிய இடமாக இல்லாவிட்டால் வைக்காதிருப்பதே நல்லது. கைவிடப்பட்ட பெட்டி காட்டில் கிடக்கும் பிளாஸ்ரிக் குப்பைதான். முதலில் பல வகைப் பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். எது நன்றாக வைக்கப்பட்டது, எது அலட்சியமாக வைக்கப்பட்டது என்று மகளே சொல்லத் தொடங்கும்போது, அவள் ஒன்றை வைக்கலாம்.

எண்ணிக்கைக்காக ஓடுவதையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் நெவாடா பாலைவன நெடுஞ்சாலை ஒன்றில் 161 மீற்றருக்கு ஒன்றாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குப்பிகளை வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி நிறுத்தி எடுப்பதற்காகவே அது அமைந்தது. அதைச் செய்பவர்கள் மகிழ்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தை நின்று பார்ப்பதற்காக ஏற்பட்ட ஒன்றை, நிற்காமல் ஓடுவதற்காக மாற்றுவது எனக்கு ஏற்புடையதல்ல.

வடலி எழுதியது:

கருங்காடு சொன்னதோடு நானும் பெரும்பாலும் உடன்படுகிறேன். கடினமாக மறைப்பதைப் பற்றி மட்டும் ஒரு வேறுபாடு: பாதையோர வேலிக்கம்பத்திலும் பழைய பாலத்தின் கைப்பிடியிலும் எதையும் மிதிக்காமலே மிக நுட்பமாக மறைக்கலாம். புதிர் விரும்பும் பிள்ளைகளை அந்த நுட்பம்தான் கட்டிப்போடுகிறது. அதை முழுவதும் விலக்கத் தேவையில்லை.

நொச்சி அவர்களே, பெட்டியே இல்லாத ஒரு வகையும் இருக்கிறது; அதை உங்கள் குடும்பத்துக்குத் தனியாகப் பரிந்துரைக்கிறேன். அதன் பெயர் எர்த்கேஷ். அமெரிக்கப் புவியியற் சங்கம் பொறுப்பேற்று 2004-இல் தொடங்கிய இதில், ஆள்கூறுகள் உங்களை ஒரு பாறைக்கோ அருவிக்கோ மணற்படிவுக்கோ இட்டுச்செல்லும். அங்கே நின்று கவனித்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை எழுதி, பக்கத்தை ஆக்கியவருக்கு அனுப்பினால் போதும். எதையும் தோண்டவோ தொடவோ வேண்டியதில்லை. ரூஜில் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தில் இத்தகைய இடங்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

எர்த்கேஷ் ஒன்றுக்குப் போகுமுன் கண்ணைப் பழக்க ஸ்காபரோ பிளஃப்ஸ் மிகப் பொருத்தமான இடம். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏரியோரமாக நிற்கும் அந்தச் செங்குத்துச் சரிவு, சில இடங்களில் 90 மீற்றர் வரை உயர்கிறது. கடைசிப் பனியுகத்தில் படிந்த மணலும் களிமண்ணும் பனியாற்றுப் படிவும் அதில் அடுக்கடுக்காகத் தெரியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மேல்விளிம்புக்கு அருகே போகவே வேண்டாம். ஏரி அடியை அரித்துக்கொண்டே இருப்பதால் விளிம்பு எச்சரிக்கையின்றி இடிந்து விழும். வேலிகள் போடப்பட்டிருப்பது அதனால்தான். சரிவின் அடியிலும் நிற்காதீர்கள். பிளஃபர்ஸ் பூங்காவில், சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே அடுக்குகள் நன்றாகத் தெரியும். கார் ஏரிக்கரை வரை போகும் என்பதால் மாமிக்கும் ஏறி இறங்கும் சிரமமில்லை. கோடை வார இறுதிகளில் அங்குள்ள வாகனத் தரிப்பிடம் விரைவிலேயே நிறைந்துவிடும். காலையிலேயே போய்ச் சேருங்கள்.